ரிசல்ட் வர முதல் எழுதி வையுங்க: ஸ்கூல் காலத்தில உங்கள மாத்தின நாட்கள கண்டுபிடிக்கிற விதம்

ஸ்கூல் முடியேக்க வாற ஏ.எல் சோதனைய (உயர்தரம்) எழுதி முடிச்சிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் வீட்டில இருக்கிற அந்த நாலு மாசத்தில எல்லாரும் ஏதாவது ஒண்டு செய்யச் சொல்லுவாங்க, இங்கிலீஷ் கோர்ஸ் போ, கம்ப்யூட்டர் படி, டிரைவிங் பழகு எண்டு, எல்லாம் நல்லது தான் செய்யுங்க. நான் சொல்ல வாறது வேற ஒண்டு. அதுக்கு ஒரு சீ.ஆர் கொப்பியும் பேனையும் ஒரு நாளைக்கு கால் மணித்தியாலமும் இருந்தா போதும். சின்ன வயசில இருந்து ஸ்கூல் முடியும் வரைக்கும் உங்கள இப்ப இருக்கிற ஆளா ஆக்கின நாட்கள் எது எது எண்டு தேடி எழுதி வைக்கிறது.

ரிசல்ட் வந்த பிறகு எழுதலாமே எண்டு நினைப்பீங்க. நானும் அப்பிடித் தான் நினைச்சன். 2018 ஓகஸ்ட்ல ஏ.எல் எழுதினன், டிசம்பர் கடைசியில ரிசல்ட் வந்தது, அதுக்குப் பிறகு தான் உட்கார்ந்து ஒரு கொப்பி நிறைய எழுதினன். இப்ப அத எடுத்துப் பாத்தா எல்லாப் பக்கத்திலயும் மார்க்ஸ் தான் இருக்கு. ஆறாம் ஆண்டில ஒரு பிரெண்டோட சண்டை பிடிச்சத எழுதினா கூட கடைசியில "அண்டைக்கே நான் படிப்பில கவனத்த விட்டுட்டன்" எண்டு முடிச்சிருக்கிறன். அந்தச் சண்டைக்கும் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அவ என்ட கலர் பென்சில் பெட்டிய கேக்காம எடுத்தவ, அவ்வளவு தான். ஆனா ரிசல்ட் எனக்கு நினைச்ச மாதிரி வரல எண்டதால பழைய நாள் எல்லாத்துக்கும் அந்த நிறம் பூசிட்டன். நல்லா பாஸ் பண்ணின பிள்ளைகளுக்கும் இதே தான் நடக்கும், அவங்களுக்கு எல்லாம் "சின்னனிலயே எனக்கு ஆர்வம்" எண்டு மாறிடும். ஞாபகம் பெட்டியில வச்ச சாமான் இல்ல, ஒவ்வொரு முறையும் எடுக்கேக்க நாங்க அத திரும்பக் கட்டுறம், இப்ப தெரிஞ்சத வச்சுத் தான் கட்டுறம்.

என்ட தம்பி 2024 ஏ.எல் பட்ச். ஞாபகம் இருக்கும், நவம்பர் 25 சோதனை தொடங்கி ரெண்டு நாளில வெள்ளம் எண்டு நிப்பாட்டி டிசம்பர் 4 திரும்பத் தொடங்கினாங்க. முடிஞ்ச பிறகு 2025 ஏப்ரல்ல ரிசல்ட் வர முதல் அவன எழுத வச்சன். அவன்ட கொப்பியும் என்ட கொப்பியும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா தான் இந்த வித்தியாசம் எனக்கு விளங்கினது. கீழ சொல்றதெல்லாம் அந்த ரெண்டு கொப்பியிலயும் இருந்து படிச்சது.

பைல தூர வையுங்க

எங்கட வீடுகளில எல்லா அம்மாவும் ஒரு கிளியர் பைல் வச்சிருப்பாங்க. அதில பேர்த் சேர்ட்டிபிகேட்ல இருந்து மொன்டசூரி கொன்சேர்ட் சேர்ட்டிபிகேட், ஸ்கூல் விளையாட்டுப் போட்டியில மூண்டாவது வந்தது, தமிழ்த் தினப் போட்டி, பதினோராம் ஆண்டு ஓ.எல் ரிசல்ட் ஷீட் வரைக்கும் வரிசையா இருக்கும். எழுதத் தொடங்கேக்க அத எடுக்காதீங்க. எடுத்தா அந்த வரிசை தான் உங்கட வாழ்க்கை எண்டு ஆகிடும், ஒன்றாம் ஆண்டு, அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனை, ஓ.எல், ஏ.எல், முடிஞ்சுது. அது மற்றாக்கள் எண்ணினது. உங்கள மாத்தினது அந்த வரிசையில இருக்கவும் கூடும், ஆனா முதலே அப்பிடி முடிவு பண்ணாதீங்க.

அதுக்குப் பதிலா ரோட்டில இருந்து தொடங்குங்க. கொப்பியில முதல் ரெண்டு பக்கத்தையும் விரிச்சு வச்சு வீட்டில இருந்து ஸ்கூலுக்குப் போற பாதைய கீறுங்க. வடிவா கீறத் தேவையில்ல, கோடு போட்டா காணும். கொழும்பில வெள்ளவத்தை ஆக்கள் எண்டா உங்கட லேன், கோல் ரோட், 100ஆம் நம்பர் பஸ் ஏறுற ஹோல்ட், மற்றப் பக்கம் ரயில் பாதை, மரைன் டிரைவ், கடல். கொட்டாஞ்சேனை ஆக்களுக்கு கோயில், சேர்ச், சந்தி, த்ரீவீல் நிக்கிற இடம். வேன்ல போன பிள்ளைகள் வேன் அங்கிள் ஒவ்வொரு பிள்ளையா ஏத்தின வீட்டு வாசல்கள போடுங்க, யாரு எந்த சீட்டில இருந்தது எண்டும் போடுங்க. பிறகு டியூஷன் கிளாஸ், லைப்ரரி, பேக்கரி, போட்டோ கொப்பி கடை. ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலயும் மனசில முதல் வந்த ஒரு வரி, யோசிக்காம. "இங்க தான் குடை உடைஞ்சது." "இந்தக் கடை அண்ணா என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்." "இந்தப் படியில இருந்து அழுதன்." தம்பி முதல் நாளே முப்பத்தி ரெண்டு வரி எழுதினான், அதில சோதனை பத்தி இருந்தது ரெண்டே ரெண்டு.

வருஷத்த வச்சு தேடினா ஞாபகம் வராது, இடத்த வச்சு தேடினா வரும்.

ஒரே ஒரு கேள்வி

இப்ப உங்கட கையில முப்பது நாப்பது வரி இருக்கு. எல்லாம் முக்கியமான நாள் இல்ல. எது உங்கள உண்மையாவே மாத்தினது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நான் எத்தனையோ விதமா செய்து பாத்து கடைசியில ஒரே ஒரு கேள்வியில வந்து நிண்டன்: அதுக்குப் பிறகு நான் என்னத்த செய்யாம விட்டன், இல்லாட்டி என்னத்த செய்யத் தொடங்கினன்?

எவ்வளவு அழுதீங்க, எவ்வளவு சந்தோஷப்பட்டீங்க எண்டது கணக்கில்ல. அழுதிட்டு அடுத்த நாள் அதே ஆளா எழும்பின நாள் எத்தனையோ இருக்கு. ஆனா ஒரு பழக்கம் மாறினது எண்டா அங்க ஏதோ நடந்திருக்கு.

எனக்கு நடந்தத சொல்றன். 2009 மே மாசம், எனக்குப் பத்து வயசு, ஸ்கொலர்ஷிப் வருஷம். யுத்தம் முடிஞ்சுது எண்டு டீ.வியில சொன்ன அண்டைக்கு கொழும்பு முழுக்க பட்டாசு, ரோட்டில கிரிபத் (பாற்சோறு) குடுத்தாங்க. எங்கட பிளட் வீட்டில அப்பா முன் ரூம் லைட்ட நூத்திட்டார். டீ.வி போகுது, சத்தம் இல்ல. அம்மா குசினி நிலத்தில இருந்து போன அமத்திக்கொண்டு இருந்தவ, வன்னியில இருந்த பெரியம்மாட நம்பர், திரும்பத் திரும்ப அதே நம்பர், அது போகல எண்டு அவவுக்குத் தெரியும், ஆனாலும் அமத்தினவ. அடுப்பில பருப்பு அடிப்பிடிச்சு மணந்தது, ஒருத்தரும் எழும்பல. நான் போய் அடுப்ப நூத்தன். அது தான் நான் முதல் முதலா அடுப்பில கை வச்ச நாள்.

அதுக்குப் பிறகு நான் விட்டது ஒண்டு இருக்கு. பஸ்ஸில அப்பாவ "அப்பா" எண்டு கூப்பிடுறத விட்டன். அம்மாவ கூப்பிடலாம், சிங்களத்திலயும் அம்மா தான். அப்பா எண்டா தெரிஞ்சு போகும், அங்க தாத்தா எண்டு தான் சொல்லுவாங்க. என்ன ஒருத்தரும் அப்பிடிச் செய்யச் சொல்லல, நானாவே அவர்ட ஷேர்ட் கைய இழுக்கத் தொடங்கினன், ஓ.எல் வரைக்கும் இழுத்தன். இந்தக் கேள்விய கேக்காட்டி இது எனக்கு ஞாபகத்துக்கே வந்திருக்காது, ஏனெண்டா எங்கட வீட்டில 2009 எண்டா ரெண்டு கதை தான், ஒண்டு பெரியம்மா, மற்றது ஸ்கொலர்ஷிப்பில நான் வெட்டுப்புள்ளிக்கு நாலு மார்க்ஸ் குறைவா எடுத்தது.

அந்த நாலு மார்க்ஸுக்கும் கேள்விய போட்டுப் பாத்தன். 200க்கு எடுத்த மார்க்ஸ் இப்ப சரியா ஞாபகம் இல்ல, நாலு குறைவு எண்டது தான் ஞாபகம் இருக்கு, அதுவும் ஒரு சாட்சி தான் எண்டு நினைக்கிறன். அதுக்குப் பிறகு நான் கிளாஸில கை தூக்குறத விட்டன், விடை தெரிஞ்சாலும். எட்டாம் ஆண்டில ஒரு தமிழ் டீச்சர் என்ட கட்டுரைக்குக் கீழ சிவப்புப் பேனையால "அடுத்த பக்கத்தையும் எழுதியிருக்கலாமே" எண்டு எழுதினவ. அவ்வளவு தான். ஆனா அதுக்குப் பிறகு நான் எழுதத் தொடங்கினன், கையும் தூக்கினன். சோதனை மூண்டு வருஷம் வாய மூட வச்சது, ஒரு வரி அத திறந்தது, எங்கட வீட்டுக் கதையில அந்த டீச்சர் இல்லவே இல்ல.

கிட்டப் போய் எழுதுறது

கேள்விக்கு விடை கிடைச்ச நாட்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு வரும். இப்ப ஒரு நாளைக்கு ஒண்டு, ஒரு பதினைஞ்சு நிமிஷம், போன வேற ரூமில வச்சிட்டு.

இங்க தான் எல்லாரும் பிழை விடுறது. ஸ்கூல்ல கட்டுரை எழுதிப் பழகின கை, உடனே முன்னுரை போடும். தம்பி 2019 பத்தி முதல்ல எழுதினது இப்பிடி: "ஈஸ்டர் தாக்குதல் எம் அனைவரது மனதிலும் ஆழமான வடுவை ஏற்படுத்தியது." பிழை ஒண்டும் இல்ல, ஆனா இத யாரும் எழுதலாம், அவன் அங்க இல்ல. நான் கேட்டன், சரி தம்பி, ஸ்கூல் திரும்பத் தொடங்கின முதல் நாள், உன்ட கையில என்ன இருந்தது? அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு எழுதினது இது, அவன்ட அனுமதியோட போடுறன்:

"கேட்ல எங்கட கிளாஸ் பொடியன் ஒருத்தன்ட அப்பா பேக் செக் பண்ணினார். என்ட சாப்பாட்டுப் பெட்டிய திறந்து புட்ட பாத்திட்டு மூடித் தந்தார், கை நடுங்கினது. இன்டர்வெல்ல நாங்க எப்பவும் அஞ்சு பேரும் ஒண்டா தான் சாப்பிடுறது, எல்லார்ட பெட்டியும் நடுவில. எங்கள்ல ஒருத்தன் முஸ்லிம், அவன்ட உம்மா ரொட்டியும் பீஃபும் குடுத்து விடுவா, அது தான் முதல் முடியும். அண்டைக்கு அவன் பெட்டிய நடுவில வச்சான். ஒருத்தரும் எடுக்கல. நானும் எடுக்கல. ஏன் எடுக்கல எண்டு எனக்குத் தெரியாது. அவன் மூடி எடுத்துக்கொண்டு டெப் பக்கம் போனான், கை கழுவுற மாதிரி. பெல் அடிக்கும் வரைக்கும் கழுவினான்."

அதுக்குப் பிறகு? "அடுத்த கிழமை நான் அவன்ட பக்கத்து மேசைக்கு மாறினன். ஏ.எல் வரைக்கும் பக்கத்தில தான். அண்டைய நாள பத்தி ரெண்டு பேரும் கதைச்சதே இல்ல."

இத வாசிச்சிட்டு எனக்கு கன நேரம் ஒண்டும் சொல்ல வரல. ஆறு வருஷமா ஒரே வீட்டில இருந்தும் எனக்கு இது தெரியாது.

அப்ப எழுதேக்க உங்களயே கேளுங்க: கையில என்ன இருந்தது, என்ன மணம், யாரு எங்க நிண்டது, சொன்ன வார்த்தை என்ன. "கவலையா இருந்தது" எண்டு எழுதத் தோணினா பேனைய நிப்பாட்டிட்டு அந்தக் கவலையில உங்கட உடம்பு என்ன செய்தது எண்டத எழுதுங்க. நல்லா கழுவின கைய திரும்பக் கழுவினது, படிக்கட்டு எண்ணினது, சாப்பிடாமலே சாப்பிட்டுட்டன் எண்டு சொன்னது. கதைச்சது எப்பிடியோ அப்பிடியே போடுங்க, எங்கட கதையில மூண்டு பாஷையும் கலந்து தான் வரும், கன்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" எண்டு தான் சொன்னார், "முன்னே செல்லுங்கள்" எண்டு சொல்லல. இங்கிலீஷ் மீடியம் படிச்ச பிள்ளைகள் தமிழ்ல எழுத வரல எண்டு விட்டிடாதீங்க, வாற பாஷையில எழுதுங்க, ஆனா அம்மம்மா சொன்னத மட்டும் அம்மம்மா சொன்ன மாதிரியே எழுதுங்க. எழுத்துப் பிழை பாக்காதீங்க. கீறி வெட்டாதீங்க.

சின்ன வயசுக் கதைகள்

இதில ஒரு கவனம் வேணும். பெரும்பாலான ஆக்களுக்கு மூண்டு, மூண்டரை வயசுக்கு முதல் நடந்தது ஞாபகம் இருக்காது, மூளை அந்த வயசில அப்பிடித் தான். அதனால "ஏடு தொடக்கேக்க ஐயர் என்ட கைய பிடிச்சு தட்டில அரிசியில அ எழுதினார்" எண்டு உங்களுக்கு படம் மாதிரி தெரிஞ்சா, அது அல்பத்தில பாத்த படமா இருக்கலாம். எலிசபெத் லொப்டஸ் எண்டு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1995ல செய்த ஒரு ஆய்வு இருக்கு, பெரியாக்கள் சிலர்ட்ட நீங்க சின்னனில ஷொப்பிங் மோல்ல தொலைஞ்சு போனீங்க எண்டு வீட்டாக்கள் சொன்ன மாதிரி ஒரு கதைய குடுத்தாங்க, நடக்காத கதை, நாலுல ஒரு பங்கு ஆக்கள் கொஞ்சமாவது அது ஞாபகம் இருக்கு எண்டு சொன்னாங்க.

அதுக்காக எழுதாம விட வேணாம். ஓரத்தில ஒரு குறி போடுங்க. என்ட கண்ணால கண்டது எண்டா ஒரு புள்ளி, சொல்லக் கேட்டது எண்டா ஒரு வட்டம், போட்டோவில பாத்தது எண்டா ஒரு பெட்டி. எனக்கு வெள்ளவத்தையில ஆடி வேல் தேர் பாத்தது ஞாபகம் இருக்கு எண்டு நான் சத்தியம் பண்ணுவன், மாமாட தோளில இருந்து. அம்மா சொல்றா நான் அண்டைக்கு காய்ச்சலோட வீட்டில படுத்திருந்தன் எண்டு. வட்டம் போட்டு வச்சிருக்கிறன். அந்தத் தோள் யாருடையது எண்டு இப்பவும் தேடுறன்.

நடக்காம போனதையும் எழுதுங்க

இத முக்கியமா 2003ல இருந்து 2008 வரைக்கும் பிறந்த தம்பி தங்கச்சிமாருக்கு சொல்றன். உங்களுக்கு நடந்தது மாதிரியே நடக்காம போனதும் உங்கள ஆக்கியிருக்கு. 2020 மார்ச்ல கொரோனா எண்டு ஸ்கூல் மூடினாங்க, தம்பி அப்ப பத்தாம் ஆண்டு. கேடட்டிங் கேம்ப் போகல, டூர் போகல, ஒரு முழு கிளாஸ் அவனுக்கு ஸும்ல சின்னச் சின்னப் பெட்டியா தான் ஞாபகம் இருக்கு. 2021 டிசம்பர்ல எழுத வேண்டிய ஓ.எல் 2022 மே மாசம் தான் எழுதினான். அதுக்கு இடையில கரன்ட் கட், பெற்றோல் கியூ, கேஸ் இல்ல. 2022 மார்ச்ல பேப்பர் தட்டுப்பாடு எண்டு மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டாங்க, சோதனை வைக்க கடதாசி இல்ல எண்டு ஒரு பிள்ளைக்கு சொல்லி அத அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டு பேசாம இருந்தது ஒரு சின்ன விஷயமா?

மார்ச் 31 பதின்மூண்டு மணித்தியாலம் கரன்ட் இல்ல. எங்கட பிளட் படிக்கட்டில மட்டும் கீழ கடைக்காரர் ஜெனரேட்டர்ல இருந்து ஒரு பல்ப் இழுத்து விட்டிருந்தார். தம்பி மூண்டாவது படியில இருந்து மெத்ஸ் பாஸ் பேப்பர் செய்தான், மேல் வீட்டு சிங்களப் பொடியன் அஞ்சாவது படியில, அவனும் ஓ.எல். ஒரே பில்டிங்ல பத்து வருஷம், லிப்டில தலையாட்டினதோட சரி. அண்டைக்கு அவன் குனிஞ்சு தம்பிட பேப்பர பாத்து ஒரு கணக்குக்கு விரல் வச்சான், பாஷை வேற, கணக்கு ஒண்டு தானே, ஜியோமெட்ரி. பிறகு ஒவ்வொரு இரவும் ரெண்டு பேரும் படிக்கட்டில தான், கரன்ட் வந்தாலும். தம்பிட "அதுக்குப் பிறகு" வரி: "சிங்களம் கதைக்கேக்க பிழை விட வெக்கப்படுறத விட்டன்."

நடக்காதத எழுத ஒரு வழி இருக்கு. "அண்டைக்கு நடந்திருக்க வேண்டியது" எண்டு ஒரு வரி, கீழ "நடந்தது" எண்டு ஒரு வரி. மேல ஃபெயார்வெல், கீழ வட்ஸ்அப்ல வந்த ஒரு போட்டோ கொலாஜ். அப்பிடியே விடுங்க, சமாதானம் எழுதத் தேவையில்ல.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லு

சாமத்திய வீட்டு அல்பம் வீட்டில இருக்கும், ஹோல், சாரி, ஆலாத்தி, முன்னூறு போட்டோ. அத எழுதாதீங்க. பெரிய பிள்ளையான அந்த நாள எழுதுங்க, ஸ்கூலா வீடா, யாருக்கு முதல்ல சொன்னீங்க, அவங்க முகம் எப்பிடிப் போனது, அதுக்குப் பிறகு எந்த விளையாட்டுக்கு போக விடல. ஆம்பிளப் பிள்ளைகளும் குரல் உடைஞ்ச நாட்கள எழுதுங்க, கிளாஸில வாசிக்கச் சொன்னா எழும்பாம இருந்தத.

பெரியாக்கள்ட்ட கேக்கிறது

உங்கட கதை நீங்க பிறக்க முதலே தொடங்கிட்டு. அமெரிக்காவில எமரி பல்கலைக்கழகத்தில மார்ஷல் டியூக், ரொபின் பிவுஷ் எண்ட ரெண்டு பேர் பிள்ளைகள்ட்ட இருபது கேள்வி கேட்டு ஒரு ஆய்வு செய்தாங்க, அம்மம்மா எங்க வளர்ந்தவ தெரியுமா, அம்மாவும் அப்பாவும் எப்பிடிச் சந்திச்சது தெரியுமா, இப்பிடி. குடும்பக் கதை கூடத் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு தன்ன பத்தின மதிப்பு கூட இருந்தது எண்டு கண்டாங்க. கதை தெரிஞ்சதால தான் எண்டு அப்பிடியே எடுக்க ஏலாது, கதை சொல்ற வீட்டில உட்கார்ந்து கதைக்கிற பழக்கமும் இருக்கும் தானே. எப்பிடியோ கேக்கிறது நல்லது.

ஆனா எங்கட வீடுகளில நேர கேட்டா விடை வராது. "அம்மம்மா, 83 கலவரத்தில என்ன நடந்தது" எண்டு கேட்டா "அதெல்லாம் இப்ப எதுக்கு, சாப்பிட்டியா" எண்டு தான் வரும். அவங்கள குத்தம் சொல்லாதீங்க. கையில ஒரு வேலையோட பக்கத்தில போய் இருங்க, முருங்கையிலை உருவேக்க, வெங்காயம் உரிக்கேக்க. முகத்த பாக்காத நேரத்தில தான் ஆக்கள் கதைப்பாங்க. பெரிய கேள்வி கேக்காம சின்னதா கேளுங்க. கொழும்புக்கு வந்த அண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க? அந்த வீட்டுத் திறப்பு யார்ட்ட இருந்தது? எங்கட அம்மம்மா திறப்பு எண்ட சொல்லுக்குத் தான் வாய் திறந்தவ. வீட்ட பூட்டிட்டு திறப்ப பக்கத்து வீட்டு சிங்கள மாமியிட்ட குடுத்திட்டு கப்பல்ல யாழ்ப்பாணம் போனாங்களாம், திரும்பி வரேக்க மாமி திறப்போட வாசல்ல நிண்டவவாம், வீட்டில கதவு தான் இல்லையாம். அழுதா நிப்பாட்டுங்க, மேல கேக்காதீங்க, போனில ரெக்கோட் பண்றது எண்டா சொல்லிட்டு பண்ணுங்க.

வலிக்கிறத எழுதேக்க

சில நாட்கள் எழுதவே கை வராது. அடி, கிளாஸ் முழுக்க முன்னால வாங்கின ஏச்சு, வீட்டுக்குள்ள நடந்தது, தொட்டது. 1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கர் எண்டவரும் சான்ட்ரா பீலும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, மாணவர்கள் தங்களுக்கு நடந்த கஷ்டமான விஷயத்த ஒரு நாளைக்கு பதினைஞ்சு நிமிஷம், நாலு நாள் தொடர்ந்து எழுதினாங்க. எழுதின உடனே மனசு இன்னும் கனத்தது, ஆனா நடந்ததையும் அதால வந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதின ஆக்கள் பிறகு வந்த மாசங்களில கெம்பஸ் டொக்டர்ட்ட போனது குறைவு. அப்ப எழுதி முடிச்சவுடனே மனசு பாரமா இருந்தா பயப்படாதீங்க, எழும்பி மரைன் டிரைவ் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. ஆனா நாள் போகப் போக பாரம் கூடுது, நித்திரை வருதில்ல எண்டா நிப்பாட்டிடுங்க, கொப்பிய விட நீங்க முக்கியம். நம்புற ஒரு ஆளிட்ட சொல்லுங்க. 1926 தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர், சின்ன பிள்ளைகளுக்கு எதிரான எதையும் சொல்ல 1929. எல்லாத்தையும் எழுதித் தான் ஆகணும் எண்டு இல்ல, ஒரு பக்கத்த வெறுமையா விட்டு திகதி மட்டும் போட்டாலும் அது உங்களுக்குத் தெரியும்.

பெத்தாக்களுக்கு

தயவு செய்து வாசிக்காதீங்க. மெத்தைக்குக் கீழ இருந்தாலும், மேசையில திறந்து கிடந்தாலும். ஒருக்கா வாசிச்சீங்க எண்டா அந்தப் பிள்ளை பிறகு எழுதுறதெல்லாம் உங்களுக்காக எழுதுறதா தான் இருக்கும். பிள்ளை தானா ஒரு பக்கத்த வாசிச்சுக் காட்டினா "அண்டைக்கு அப்பிடி நடக்கல" எண்டு திருத்தாதீங்க, அடிச்சது நீங்களா இருந்தாலும். உங்களுக்கு வேற மாதிரி ஞாபகம் இருந்தா நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்க. எங்கட அம்மா கடைசியில அதத் தான் செய்தவ, அவ எழுதின ஒரே பக்கம் அந்த போன் நம்பர பத்தி, இருபது வரியும் இல்ல, எனக்குத் தந்தவ, நான் மடிச்சு வச்சிருக்கிறன்.

ரிசல்ட் வாற கிழமை

ரிசல்ட் வரப் போகுது எண்டு கதை அடிபடத் தொடங்கினவுடனே எழுதுறத நிப்பாட்டுங்க. கடைசிப் பக்கத்தில அண்டைய திகதிய போட்டு ஒரே ஒரு பந்தி, இப்ப நான் என்னத்துக்குப் பயப்படுறன், என்னத்துக்கு ஆசைப்படுறன், இண்டைக்கு என்ன சாப்பிட்டன். பேனைய மூடிட்டு கொப்பிய ஒரு பொலித்தீன் பேக்கில போட்டுக் கட்டுங்க, கடற்கரைப் பக்கம் உப்புக் காத்துக்கு கடதாசி மஞ்சளாகிடும், வெள்ள நேரம் தரையில வைக்காதீங்க. நீங்களே வச்சிருந்தா ரிசல்ட் வந்த இரவு எடுத்து மாத்தத் தோணும், அதால உங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆளிட்ட குடுத்து வையுங்க, ஒரு வருஷத்துக்குக் கேக்க மாட்டன் எண்டு சொல்லி.

தம்பி என்னட்டத் தந்தான். ரிசல்ட் வந்த இரவு, அம்மா எல்லாருக்கும் போன் எடுத்துக்கொண்டு இருக்கேக்க, என்ட ரூம் வாசல்ல வந்து நிண்டு "அக்கா, அந்தக் கொப்பி" எண்டான். அலுமாரியில சாரிகளுக்குக் கீழ இருக்கு எண்டன். "சரி, இருக்கட்டும்" எண்டிட்டுப் போயிட்டான். இன்னும் அங்க தான் இருக்கு, ரப்பர் பேன்ட் போட்டபடி.